பத்மினி என்ஜினும் பத்தாம் வகுப்பு மகளும்

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். என் அப்பா ஓட்டிய 1978 மாடல் பிரிமியர் பத்மினி பல வருடங்களாக ஷெட்டில் நிற்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் என் மகள், "அப்பா, நாமளே இந்த என்ஜினைப் பிரிச்சு ஓட வைக்கலாம்" என்றாள். எனக்கும் ஆசைதான். தெரிந்த மெக்கானிக்கை வைத்து என்ஜினை இறக்கினோம். என்ஜினின் மேல்மூடியான ஹெட் லேசில் வரவில்லை. நான் பெரிய ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டுச் சுத்தியலால் தட்டினேன். அவள் "வேண்டாம்ப்பா, மேனுவல்ல கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள். ஹெட் வந்துவிட்டது, ஆனால் அடியில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. போர் சுவரில், அதாவது சிலிண்டர்த் துளையின் உள்சுவரில், மேலே ஒரு விளிம்பும், இரண்டாவது சிலிண்டரில் துருவும் தெரிகின்றன. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ரீபோர் பண்ணி பிஸ்டன் செட் போட்டுரலாம்" என்றார். மகள், "அளந்து பார்க்காம எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள். "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து "நீங்களே பண்ணிக்குங்கப்பா" என்கிறாள். ஷெட் பக்கமே வருவதில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடிக்க நினைத்தேன். ரீபோர் செய்யலாமா? மகளை மறுபடி எப்படி அழைப்பது?

பதில்: ரீபோர் செய்யலாமா என்ற கேள்விக்கு இப்போதைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கோவையில் என்ஜின் ரீகண்டிஷனிங் பட்டறை வைத்திருக்கும் என்னாலும் முடியாது. காரணம் உங்கள் மகள் சொன்னதுதான். இன்னும் யாரும் அளக்கவில்லை.

மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. பழைய பத்மினி, மேலே விளிம்பு, துரு என்று பார்த்தால் பத்துக்கு ஏழு பேர் ரீபோர் என்றுதான் சொல்வார்கள். பாதிக்குப் பாதி அது சரியாகவும் இருக்கும். ஆனால் ரீபோர், அதாவது போரிங் என்பது சிலிண்டர்த் துளையைப் பெரிதாக்க இரும்பைச் சுரண்டி எடுக்கும் வேலை, எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பெரிதான துளைக்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் சில படிகள் வரைதான் கிடைக்கும். கடைசிப் படியும் தீர்ந்தால் துளைக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயை அடிக்க வேண்டும். உங்கள் அப்பா காலத்திலேயே ஒரு முறை போரிங் ஆகியிருந்தால் அதில் ஒரு படி ஏற்கெனவே போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க மைக்ரோமீட்டர்கூட வேண்டாம். பிஸ்டன் தலையில் இருக்கும் கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் மெதுவாக எடுத்துப் பாருங்கள். ஓவர்சைஸ் பிஸ்டனாக இருந்தால் பெரும்பாலும் அதன் மேலேயே சைஸ் பொறித்திருக்கும். சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் ஷெல்லின் முதுகையும் அதே மாதிரி பாருங்கள். என்ஜினின் பழைய கதை பாதி அங்கேயே எழுதியிருக்கும்.

அடுத்தது அளவு. இந்த என்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75 மி.மீ. மகளிடம் இந்த இரண்டு எண்களைக் கொடுத்து, நாலு சிலிண்டருக்கும் கன அளவு போடச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குதான். 1089 சி.சி. வரும், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அதே எண். இவ்வளவு காலம் வெறும் மதிப்பெண்ணுக்காகப் போட்ட உருளைக் கணக்கு, தாத்தா காரின் காகிதத்தோடு ஒத்துப்போவதைப் பார்க்கட்டும்.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டன் மேலே வந்து திரும்பும் இடத்தில், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களில் முதல் ரிங் நிற்கும் உயரத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே சூடு அதிகம், அழுத்தம் அதிகம், எண்ணெய் குறைவு. அதற்கு மேலே ரிங் படாத இடம் தேயாமல் அப்படியே நிற்கும். நீங்கள் பார்த்த விளிம்பு அதுதான். விளிம்பு இருப்பதாலேயே போரிங் வேண்டும் என்றாகாது, அது எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கன்-ராட் சாய்ந்து தள்ளுவதால், கிராங்க் நீளத்துக்குக் குறுக்கான திசையில் பிஸ்டன் சுவரை அதிகம் அழுத்தும். ஆகவே போர் வட்டம் மாறி லேசாக நீள்வட்டமாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளக்கிறோம். சிலிண்டருக்கு ஆறு, மொத்தம் 24 அளவுகள்.

இதற்குச் சரியான கருவி போர் டயல் கேஜ். வீட்டுக்கு அதை வாங்க வேண்டியதில்லை, லேத் பட்டறையில் அளந்துகொள்ளலாம். ஆனால் அங்கே போவதற்கு முன்னால், ஒரு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பட்டறைக்கு வேலை கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

பழைய பிஸ்டனிலிருந்து ஒரு கம்ப்ரஷன் ரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். ரிங் கோணல் இல்லாமல் நேராக உட்காரும். முதலில் போரின் அடிப்பகுதி வரை தள்ளி, ரிங்கின் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து மறுபடி அளங்கள். மேலே இடைவெளி கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அங்கே சுற்றளவு பெரிது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது கிடைத்துவிடும். கீழே 0.40, மேலே 0.87 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.47. வகுத்தால் 0.15 மி.மீ. இந்த வகைப் பழைய பெட்ரோல் என்ஜின்களில் ஏறக்குறைய அந்த அளவுதான் எங்கள் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் போரிங். நன்றாகக் குறைவாக இருந்தால், மேல் விளிம்பை ரிட்ஜ் ரீமரால் எடுத்துவிட்டு, ஹோனிங் போட்டு (சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து), புது ரிங் மாற்றினால் போதும். விளிம்பை எடுக்காமல் புது ரிங் போடாதீர்கள். தேயாத புது ரிங் அந்த விளிம்பில் இடித்து உடையும்.

இந்தச் சோதனை சராசரிச் சுற்றளவைத்தான் சொல்லும், நீள்வட்டத்தைக் காட்டாது. அதற்கு லேத் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். பட்டறைக்காரர் கேஜை விட்டு அளவைச் சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் எழுதட்டும். ஒரு பெண் பிள்ளை நோட்டும் பேனாவுமாக நின்றால் பட்டறையில் முதலில் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டாவது சிலிண்டரில் வந்த எண்ணை அவள் திருப்பிக் கேட்டதும் அளக்கிறவரும் கவனமாகிவிடுவார்.

இரண்டாவது சிலிண்டர் துருவைப் பற்றி. மேலோட்டமான துரு ஹோனிங்கிலேயே போய்விடும். பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டினால், அதுவும் ரிங் ஓடும் இடத்தில் தட்டினால், மற்ற மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போரிங்தான். ஒன்றுக்கு மட்டும் போரிங் செய்து சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாலு சிலிண்டரும் ஒரே சைஸில் இருக்க வேண்டும். போரிங் என்று முடிவானால் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டன் செட் உங்கள் கைக்கு வரட்டும். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டுத்தான் போர் போட வேண்டும். பத்மினிக்கு எல்லா சைஸும் எப்போதும் கிடைக்காது. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பழைய ஸ்டாக் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பிளாக்கைக் குடைந்துவிட்டு அந்த சைஸ் பிஸ்டனுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

புதுப்பேட்டையில் முழு என்ஜினே கிடைக்கும், வாங்கி மாட்டிவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். உங்கள் பிளாக்கில் அடித்திருக்கும் என்ஜின் நம்பர்தான் ஆர்.சி.யில் இருக்கிறது. பிளாக் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாக அனுமதி வாங்கி, புத்தகத்தைத் திருத்த வேண்டும். அதுவுமின்றி, உங்கள் கார் 2028-இல் 50 வயதைத் தொடுகிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். செய்வீர்களோ மாட்டீர்களோ, அந்த வழியை இப்போதே அடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அந்த ஹெட். பத்மினியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பல வருடம் நின்ற வண்டியில் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அரிப்பு ஏறிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வரவில்லை. துருவை இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருந்து, மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டியிருக்க வேண்டும். இரும்பு முனையை அலுமினியத்துக்குள் விட்டால் வெட்டு விழத்தான் செய்யும். மகள் மேனுவலைப் பார்த்துச் சொன்னது முழுக்கச் சரி. பயப்படும் அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வெட்டு ஆழமில்லை என்றால் ஃபேசிங்கில், அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவதில், போய்விடும். நீர் ஓடும் துளைக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஆழமாக விழுந்திருந்தால், ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பி, பிறகு ஃபேசிங் செய்ய வேண்டும். எப்படியும் அந்த ஹெட்டை நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துச் சோதிக்க வேண்டியதுதான். எத்தனையோ கோடையில் சூடேறியிருக்கும், வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. லேத்தில் கொடுக்கும்போது "கொஞ்சமா எடுங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். வெட்டு மறையும் வரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கும் அளவு) கூடிப்போகும்.

போல்ட்டுகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனால் அவசரமாகப் பிரித்த வேலை என்பதால் எல்லாம் ஒரே பெயிண்ட் டப்பாவில் கிடக்கும் என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்து எடுத்துவிடலாம். ஒன்றில் மட்டும் சமாதானமே கிடையாது. கன்-ராட் கேப், மெயின் பேரிங் கேப் இரண்டையும் இன்னும் கழற்றவில்லை என்றால், கழற்றும் முன்பே எது எந்தச் சிலிண்டர், எந்தப் பக்கம் பார்த்தது என்று குறி போடுங்கள். அவை ஜோடியாக வைத்துக் குடையப்பட்டவை, மாற்றிப் போட்டால் கிராங்க் இறுகிவிடும். புஷ் ராடுகளையும் வால்வுகளையும் அட்டையில் வரிசையாகத் துளை போட்டுக் குத்தி வையுங்கள்.

இப்போது மகள் விஷயம்.

நீங்கள் "எப்படி அழைப்பது?" என்று கேட்கிறீர்கள். அவளை அழைப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. வந்தபின் ஷெட்டில் அவளுக்கு என்ன வேலை என்பதுதான் பிரச்சினை. டார்ச் பிடிப்பதும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று நாளில் சலித்துவிடும். அவள் மேனுவல் படித்திருக்கிறாள். அளவில்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பட்டறையில் வருடக்கணக்கில் இருந்தும் அது தோன்றாதவர்கள் உண்டு. ஆகவே அளவு, குறிப்பு, மேனுவல் மூன்றும் அவள் பொறுப்பு. கை பலம் வேண்டிய வேலையும் பணமும் உங்கள் பொறுப்பு. போரிங்கா ரிங்கா என்பதை அவள் நோட்டில் இருக்கும் எண்கள் தீர்மானிக்கட்டும். எண் அவளுக்குப் பிடிக்காத பக்கம் சொன்னாலும் அதுதான் முடிவு என்று முன்கூட்டியே இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் தப்பு உங்களுடையது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். "நீ சொன்னது சரி பாப்பா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றால் போதும். அதோடு ஃபீலர் கேஜையும் அந்தப் பழைய ரிங்கையும் மேசையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். "வாம்மா, வாம்மா" என்று பின்னால் அலைய வேண்டாம். இந்த வயதில் கெஞ்சினாலும் கோபம்தான் வரும். அன்றைக்கே வராவிட்டாலும் பரவாயில்லை. அவள் வரும்வரை அந்த ரிங்கை நீங்கள் அளக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

மெக்கானிக்கையும் எதிரியாக்கிவிடாதீர்கள். நாளைக்கு என்ஜினை ஏற்ற அவர்தான் வர வேண்டும். "பாப்பா அளந்துட்டுச் சொல்றா, நீங்க வந்து ஒரு தடவை சரிபாருங்க" என்றால் அவர் மரியாதையும் குறையாது.

ஜூன் கெடுவை விட்டுவிடுங்கள். போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம் வெளியே போகும் வேலைகள், அவற்றின் நாட்கள் உங்கள் கையில் இல்லை. இந்தக் கெடுதான் உங்கள் கையில் சுத்தியலைக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளி திறந்தால் வாரத்தில் ஒரு நாள் செய்தால் போதும், தேர்வு வந்தால் முழுதாக நிறுத்தலாம். பாதியில் நிற்கும் என்ஜின் கெட்டுப்போகாது, சும்மா திறந்து போட்டால்தான் கெடும். போர் சுவரிலும் கிராங்க்கிலும் என்ஜின் ஆயிலைத் தாராளமாகத் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வையுங்கள். புதிதாக ஹோனிங் போட்ட போர் மழைக்காலத்தில் ஒரே இரவில் துருவேறும்.

வெளி வேலை போக வீட்டில் என்ன மிஞ்சும் என்று யோசிக்கிறீர்களா? நிறையவே மிஞ்சும். லேத்திலிருந்து வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை வராத அளவுக்குக் கழுவ வேண்டும். ஆயில் ஓடும் துளைகள் ஒவ்வொன்றையும் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். வால்வு லேப்பிங், அதாவது வால்வை அதன் சீட்டோடு பொருந்தத் தேய்ப்பது, கையாலேயே செய்யலாம். பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். சீட் முழுவதும் ஒரே சாம்பல் வளையம் வந்ததும் பேஸ்ட்டை முழுக்கக் கழுவிவிட்டு, வால்வை ஸ்ப்ரிங்கோடு மாட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். ஒழுகாவிட்டால் அந்த வால்வு தேறிவிட்டது. எட்டு வால்வையும் அவளே தேற்றட்டும். அதற்குப் பிறகு அந்த என்ஜின் ஓடும் சத்தத்தை அவள் வேறு மாதிரி கேட்பாள்.

மேனுவலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்மினி மேனுவல் முழுதாகக் கிடைக்காவிட்டால் ஃபியட் 1100 டி மேனுவல் பெரும்பாலும் உதவும். 1964 முதல் பம்பாய் குர்லாவில் அந்த மாடலாக வந்த கார்தான், 1972-இல் பிரசிடென்ட் என்றும் 1974-இல் பத்மினி என்றும் பெயர் மாறி வந்தது. டார்க் அளவு (போல்ட்டை எவ்வளவு இறுக்குவது), வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) எல்லாம் அதில் இருப்பதுதான் கணக்கு. என்னைப் போன்றவர்கள் நினைவிலிருந்து சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ளாதீர்கள்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் பேரம் கிடையாது. பெட்ரோலில் பாகம் கழுவக் கூடாது. மண்ணெண்ணெயோ டீசலோ போதும், அதுவும் கதவைத் திறந்து வைத்து, கையுறை போட்டு. தீயணைப்பு சிலிண்டர் ஒன்று ஷெட் வாசலிலேயே இருக்கட்டும். என்ஜினை ஓட்டு விட்டத்திலோ மாமரக் கிளையிலோ தொங்கவிட வேண்டாம், செயின் புல்லியும் இரும்பு ஸ்டாண்டும் வாடகைக்குக் கிடைக்கும். தொங்கும் என்ஜினுக்கு அடியில் ஒரு விரல்கூடப் போகக் கூடாது. கிளட்ச் பிளேட்டிலும் பழைய கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஓடும் என்ஜின் பக்கம் துப்பட்டா வேண்டாம், முடியை இறுக்கக் கட்டட்டும். பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பர் தாங்காது.

எல்லாம் பூட்டி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பேரிங்குகளுக்கு முதலில் ஆயில் போய்ச் சேரட்டும். அப்புறம் பிளக் ஒயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

அந்த 500 கிலோமீட்டரையும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொன்னால் இன்னொரு சண்டை வரும். கார் லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மைனர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. தெருமுனை வரைதானே என்ற பேச்சே வேண்டாம். ஸ்டார்ட் செய்வது, டியூனிங், பாய்ண்ட் இடைவெளி வைப்பது எல்லாம் ஷெட்டுக்குள் நடக்கும் வேலைகள், அவை அவளுக்கு.

"பெண் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கிரீஸ் வேலை?" என்று உறவில் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாலு சிலிண்டரிலும் ரிங் இடைவெளியை மேலும் கீழும் அளந்து, பிஸ்டன் தலையில் பொறித்திருப்பதையும் சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். மகளின் கையெழுத்தில் வந்தால் நல்லது. துரு குழியா, கறையா என்பதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு, லேத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கே பதில் எழுதுகிறேன்.